பந்தயக் காரும் செம்பனைக் குலையும்



தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் ஆசிரியன் நான். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, ஆறாம் ஆண்டு வகுப்பில் நுழைந்ததும் ஒரே ஆரவாரம். முதல் நாள் சிப்பாங்கில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பையன்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். யார் முந்தினார், யார் விழுந்தார் என்ற பேச்சு அடங்கவே இல்லை. அன்று அறிவியல் பாடம் எரிபொருளைப் பற்றியது. நிலத்தடி எண்ணெய் ஒரு நாள் தீர்ந்து போகும், செடிகொடிகளிலிருந்தும் எரிபொருள் எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். அவன் தந்தை எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரியை ஓட்டுகிறவர்.

"சார், சிப்பாங்கில ஓடுற மோட்டாருக்கு நம்ம செம்பனை எண்ணெய ஊத்துவாங்களா?" என்று கேட்டான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆம் என்பதா, இல்லை என்பதா என்று எனக்கே உடனே சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று உட்கார வைத்தேன். அந்த 'நாளை' சில வாரங்கள் நீண்டது. தேடிப் படித்தபோது, அந்தச் சிறுவனின் கேள்வி நம் சோற்றையும் நாம் விடும் மூச்சையும் தொடுகிற கேள்வி என்று புரிந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 2.3 கிலோ! முக்கால் கிலோ பொருளிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். பெட்ரோலில் இருக்கும் கரி, எரியும்போது காற்றிலிருக்கும் பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் எடை கூடுகிறது. இந்தக் கரியமில வாயு ஒரு போர்வையைப்போல் பூமியைச் சூழ்ந்து வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. மழை தவறுவதும், வெயில் கூடுவதும், வெள்ளம் பெருகுவதும் இதனோடு தொடர்புடையவை என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

செம்பனை எண்ணெயை எரித்தாலும் கரியமில வாயு வரத்தானே செய்யும்? வரும். ஆனால் கணக்கு வேறு. செம்பனை மரம் தன் இலைகளால் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் பழத்தில் எண்ணெயாகச் சேர்க்கிறது. அதை எரிக்கும்போது, அண்மையில் காற்றிலிருந்து வாங்கியது காற்றுக்கே திரும்பிப் போகிறது. கைமாற்று வாங்கியதை அந்த மாதமே திருப்பிக் கொடுப்பதுபோல. பெட்ரோலோ, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் புதைந்துபோன கரி. அதைத் தோண்டி எடுத்து நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் காற்றில் கொட்டுகிறோம். வாங்கிக்கொள்ள ஆளில்லாத சரக்காக அது காற்றிலேயே தங்கிவிடுகிறது. மாற்று எரிபொருள் என்ற பேச்சுக்கெல்லாம் வேர் இந்த வேறுபாடுதான்.

இனி பந்தயத்துக்கு வருவோம்.

சிப்பாங் பந்தயத் திடல் 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஒரு சுற்றின் நீளம் ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஃபார்முலா ஒன் என்னும் கார்ப் பந்தயம் 1999 முதல் 2017 வரை ஆண்டுதோறும் அங்கே நடந்தது, பிறகு நின்றுபோயிற்று. மோட்டார் சைக்கிள் பந்தயம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது. பக்கத்தில் சிங்கப்பூரிலோ, 2008-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே முதல் இரவுப் பந்தயம் விளக்கொளியில் நடந்தது.

ஃபார்முலா ஒன் கார் ஒரு பந்தயத்தில் ஏறக்குறைய 305 கிலோமீட்டர் ஓடுகிறது. 2019-ஆம் ஆண்டு முதல் 2025 வரை இருந்த விதிப்படி, ஒரு கார் ஒரு பந்தயத்தில் 110 கிலோ எரிபொருளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. லிட்டர் கணக்கில் நூற்று நாற்பதுக்கு மேல் வரும். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர்! நம் வீட்டுச் சிறிய மோட்டார் சைக்கிள் ஒரு லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறதே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைக் கேட்டதும், "வேடிக்கைக்காக இவ்வளவு எண்ணெயை எரிக்கிறார்களே, இதல்லவா பெரிய பாவம்!" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கணக்கு வேறு விதமாக இருந்தது. 2019-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் நிர்வாகம் தன் கணக்கைத் தானே வெளியிட்டது. 2018-ஆம் ஆண்டுப் பந்தயப் பருவம் முழுவதும் அவர்களால் காற்றில் சேர்ந்த கரியமில வாயு ஏறக்குறைய 2,56,000 டன். அதில், கார்கள் திடலில் ஓடியதால் வந்தது எவ்வளவு தெரியுமா? நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 0.7 விழுக்காடு மட்டுமே!

மீதி எங்கே போயிற்று? கார்களையும் கருவிகளையும் சக்கரங்களையும் விமானத்திலும் லாரியிலும் கப்பலிலும் நாடு நாடாகச் சுமந்து செல்வதில் 45 விழுக்காடு. அணியினரும் அலுவலர்களும் பயணம் செய்ததில் ஏறக்குறைய 28 விழுக்காடு. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் 19 விழுக்காடு. பந்தயம் நடக்கும் இடத்து ஏற்பாடுகளில் 7 விழுக்காடு. பந்தயம் பார்க்க வரும் ஆயிரக்கணக்கான மக்களின் பயணம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

நேயர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புகை ஒன்று. தெரியாத புகை வேறொன்று. கல்யாண வீட்டில் பந்தியில் சிந்திய சோறு எல்லார் கண்ணிலும் படும். அடுக்களையில் அடிப்பிடித்து வீணான அண்டா யார் கண்ணிலும் படாது. பந்தயக் காரின் உறுமலைக் கேட்டு நாம் அதையே குற்றம் சொல்கிறோம். ஆனால் அதைச் சுமந்து வந்த விமானத்தை நினைப்பதில்லை.

2030-ஆம் ஆண்டுக்குள் இந்தக் கணக்கை நேர் செய்துவிடுவோம் என்று அவர்கள் 2019-இல் வாக்குக் கொடுத்தார்கள். பந்தயங்கள் நடக்கும் வரிசையைச் சற்று மாற்றினார்கள். எடுத்துக்காட்டாக, ஜப்பான் பந்தயம் 2024 முதல் ஏப்ரல் மாதத்துக்கு வந்தது. பக்கத்து நாடுகளின் பந்தயங்களை ஒட்டி வைத்தால் சுமை தூக்கி அலைவது குறையும் அல்லவா? ஐரோப்பாவில் சரக்கு ஏற்றும் லாரிகள் சிலவற்றில், 2023 முதல் தாவர எண்ணெய், கழிவு எண்ணெய் இவற்றிலிருந்து செய்த டீசலை ஊற்றினார்கள். 2024 முடிவில், 2018-ஐ விட 26 விழுக்காடு குறைத்துவிட்டதாக அறிவித்தார்கள். நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது.

"கார் எரிக்கும் எண்ணெய் நூற்றில் ஒரு பங்குகூட இல்லையென்றால், அந்த எண்ணெயை மாற்றுவதால் என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பந்தயத் திடல் ஒரு நாற்றங்கால். அங்கே தேறிய நாற்று பிறகு ஊரெல்லாம் நடப்படுகிறது. 2013 வரை ஏறக்குறைய 160 கிலோ பெட்ரோல் குடித்த பந்தயக் கார், 2014-இல் விதி மாறியதும் 100 கிலோவில் அதே தூரத்தை ஓடி முடித்தது. எரிபொருளில் இருக்கும் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றும் எஞ்சினை 2017-இல் ஒரு நிறுவனம் சோதனைச்சாலையில் செய்து காட்டியது. சாதாரணக் கார் எஞ்சினோ மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மற்றது சூடாகி வீணாகிறது. திடலில் ஓடுவது சில கார்கள்; உலகச் சாலைகளில் ஓடுவதோ நூறு கோடிக்கு மேல். அந்தச் சிலவற்றில் கற்றது நூறு கோடிக்குப் பயன்பட்டால் அது சிறிய காரியமா?

அப்படியானால் பெட்ரோலுக்குப் பதில் எதை ஊற்றுகிறார்கள்? மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி சாராயம். அதாவது எத்தனால் என்னும் எரிசாராயம். கரும்பிலிருந்தும் சோளத்திலிருந்தும் இதைக் காய்ச்சலாம். பிரேசில் நாடு 1975-ஆம் ஆண்டிலேயே கரும்புச் சாராயத்தில் கார் ஓட்டும் பெரிய திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயக் கார்கள் 2007-இல் முழுவதும் எத்தனாலுக்கு மாறின. ஃபார்முலா ஒன் 2022-இல் பெட்ரோலோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கியது.

இரண்டாவது வழி கழிவுகளிலிருந்து எடுப்பது. பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் ஊரில் 24 மணி நேரம் இடைவிடாமல் ஓடும் கார்ப் பந்தயம் ஒன்று உண்டு. 2022-இல் அங்கே ஊற்றிய எரிபொருள் எதிலிருந்து செய்யப்பட்டது தெரியுமா? திராட்சை மது வடித்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்தும் வண்டலிலிருந்தும்! எறிய வேண்டியதை எரிபொருளாக்கிவிட்டார்கள்.

மூன்றாவது வழி காற்றிலிருந்தே பெட்ரோல் செய்வது. மந்திரம்போல் இருக்கிறதல்லவா? மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து நீரகவாயு எடுக்கிறார்கள். அதோடு கரியமில வாயுவைச் சேர்த்து, பல படிகளில் பெட்ரோலாக்குகிறார்கள். தென்னமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டில், பலமாகக் காற்று வீசும் இடத்தில் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு இப்படிச் செய்யும் ஆலை 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் இதற்கு மின்சாரம் மிக அதிகமாக வேண்டும், விலையும் அதிகம்.

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 2024 முதல் எரிபொருளில் குறைந்தது 40 விழுக்காடு நிலத்தடி எண்ணெய் அல்லாததாக இருக்க வேண்டும், 2027 முதல் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். ஃபார்முலா ஒன்றிலும் 2026-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து முழுவதும் மாற்று எரிபொருளே என்பது விதி. நம் நாட்டுப் பெட்ரோனாஸ் நிறுவனமும், 2010 முதல் மெர்சிடிஸ் அணியோடு சேர்ந்து பந்தய எரிபொருள் செய்துவருகிறது.

இப்போது நம் செம்பனைக்கு வருவோம்.

செம்பனை இந்த மண்ணின் மரமன்று. ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1848-ஆம் ஆண்டில் நான்கு கன்றுகள் சாவகத் தீவின் போகோர் பூங்காவில் நடப்பட்டன. நம் நாட்டில் வாணிகத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டது 1917-இல், சிலாங்கூரில் உள்ள தென்னைமரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டாலே தமிழ் என்று தெரிகிறதல்லவா? அன்று அங்கே காடு திருத்தியும் கன்று நட்டும் உழைத்த கைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணெயை டீசலாக்கும் ஆராய்ச்சியை நம் நாட்டுச் செம்பனை ஆராய்ச்சிக் கழகம் 1982-லேயே தொடங்கிவிட்டது. செய்முறை கடினமானதன்று. செம்பனை எண்ணெய் கெட்டியானது. அப்படியே எஞ்சினில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். அதனால் மெத்தனால் என்னும் சாராயத்தோடு, ஒரு காரப் பொருளையும் சிறிது சேர்த்துச் சூடாக்குவார்கள். எண்ணெய் இரண்டாகப் பிரியும். அடியில் தங்குவது கிளிசரின்; அது சவர்க்காரம், மருந்து முதலியவற்றுக்குப் போகும். மேலே நிற்பது டீசலைப்போல் ஓடும் மெல்லிய எண்ணெய். அதுவே உயிரி டீசல். ஒரு குறை உண்டு: குளிரில் இது சீக்கிரம் உறைந்துவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்த சமையல் எண்ணெய் வெள்ளையாகக் கலங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே குணம்தான். நம் வெயில் நாட்டில் அந்தக் கவலை இல்லை.

நம் அரசாங்கம் 2011-இல் டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு உயிரி டீசல் கலக்கத் தொடங்கியது. பிறகு அது ஏழு பங்காயிற்று. 2019-இல் சாலை வாகனங்களுக்குப் பத்துப் பங்காயிற்று. எண்ணெய் நிலையத்தில் 'பி10' என்று எழுதியிருப்பது அதைத்தான். 2020-இல் லங்காவித் தீவில் இருபது பங்கு கலக்கும் திட்டம் தொடங்கியது. ஆகவே, குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரியின் தொட்டியில், பத்தில் ஒரு பங்கு அந்தக் குலையிலிருந்தே வந்ததாக இருக்கலாம்!

இதைக் கேட்கும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. எண்ணெய்க்குக் கிராக்கி கூடினால் குலைக்கு விலை கூடும்; தோட்டத்தில் வேலை நிலைக்கும். அப்படியானால் உலகமெல்லாம் செம்பனை எண்ணெயிலேயே ஓடட்டும் என்று சொல்லிவிடலாமா?

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்த முக்கியமான செய்தியும் இதுவே. ஓர் எரிபொருள் நல்லதா கெட்டதா என்பதைத் தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது பிறந்த மண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பல ஆண்டுகளாகத் தோட்டமாக இருக்கும் நிலத்தில் விளைந்த செம்பனை ஒன்று. நேற்று வரை காடாக இருந்ததை வெட்டிச் சாய்த்து, கரிச் சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடித்து, தீ வைத்து நட்ட செம்பனை வேறொன்று. அந்தச் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த கரி இருக்கிறது. அது காய்ந்து எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவை ஈடுகட்ட, அங்கே நட்ட செம்பனை எத்தனையோ தலைமுறை உழைத்தாலும் போதாது. அந்தப் புகையை நாம் அறியாதவர்களா? 1997-இலும் 2015-இலும் 2019-இலும் மூச்சு முட்டிய நாட்கள் நினைவிருக்கிறதல்லவா? 2015-இல் புகைமூட்டத்தால் பள்ளிகளையே மூடினார்கள். இளைப்பு நோயுள்ள பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தத் தீக்குக் காரணங்கள் பல. செம்பனைக்காகக் காடு எரித்ததும் அவற்றில் ஒன்று.

இதைக் காரணம் காட்டித்தான் ஐரோப்பிய நாடுகள், செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைப் பசுமைக் கணக்கிலிருந்து 2030-க்குள் படிப்படியாக நீக்குவது என்று 2019-இல் முடிவு செய்தன. நம் நாடு 2021-இல் உலக வாணிக அமைப்பிடம் முறையிட்டது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு, ஐரோப்பாவின் நோக்கத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, செயல்படுத்திய முறையில் சில குறைகளைச் சுட்டிக்காட்டியது. நம் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஓர் எக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்று நான்கு டன் எண்ணெய் தருகிறது. அதே அளவு நிலத்தில் சோயா தருவது அரை டன் அளவுதான். செம்பனையை விலக்கினால் வேறு பயிருக்கு இன்னும் அதிக நிலம் வேண்டியிருக்கும். வழக்கு எப்படியும் போகட்டும். முறையாக நட்டதற்கும் முறைகேடாக எரித்ததற்கும் ஒரே பெயர் கிடைத்தால், முறையாக நட்ட தோட்டத்துக் கூலியும் சேர்ந்தே நட்டப்படுகிறான். அதனால்தான் எண்ணெய் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று சான்று காட்டும் முறை வந்திருக்கிறது. நம் நாட்டில் 2020 முதல் அந்தச் சான்று கட்டாயமாகிவிட்டது. அலுவலகத்திலிருந்து வந்து ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போகிறார்களே என்று நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது. நம் பிழைப்பைக் காக்கும் ஏடும் அதுதான்.

சோற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள போட்டியையும் நினைக்க வேண்டும். பொரிக்கிற எண்ணெயை எல்லாம் எஞ்சினில் ஊற்றினால் அடுக்களைக்கு எங்கே போவது? ஃபார்முலா ஒன் விதி இதையும் பார்த்திருக்கிறது. உண்ணும் பயிரைக் கொண்டு செய்த எரிபொருள் கூடாது. கழிவு, உணவாகாத செடி, பிடித்தெடுத்த கரியமில வாயு இவற்றிலிருந்தே செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

கழிவு என்றால் நம்மிடம் குறைவா? நூறு கிலோ குலை ஆலைக்குப் போனால், வருகிற எண்ணெய் இருபது கிலோ அளவுதான். மற்றது வெறுங்குலையும் நாரும் ஓடும் சக்கையும். வெறுங்குலையை மரத்தடியில் பரப்பினால் நல்ல உரம். அதன் நாரிலிருந்து எத்தனாலும் எடுக்கலாம் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஆலையின் கழிவுநீர்க் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். குமிழி விட்டுக்கொண்டு நாற்றம் வீசுமே! அந்தக் குமிழியில் இருப்பது மீத்தேன் வாயு. கரியமில வாயுவை விட இருபத்தைந்து மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியது. குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நம் நாட்டில் இருக்கின்றன. நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனோமே, அது விளக்கெரிக்கும் சரக்கு!

"எண்ணெயே வேண்டாம், மின்சாரத்தில் ஓட்டலாமே?" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் நடந்திருக்கிறது. 2014 நவம்பரிலும் 2015 நவம்பரிலும் புத்ராஜெயாவின் வீதிகளில் மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்தது. புகையில்லை, உறுமலும் இல்லை. புத்ராஜெயா இருக்கும் இடம் முன்பு பிராங் பெசார் தோட்டம் என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம்மவர்கள் பால் வெட்டிய மண்ணில் புகையில்லாத கார் ஓடியது. ஆனால் இங்கேயும் அதே கேள்விதான். மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் வாயுவிலிருந்தும் வருகிறது. காரிலிருந்து புகை வராவிட்டால், எங்கோ ஒரு புகைபோக்கியிலிருந்து வருகிறது.

ஆகவே, யார் எந்த எரிபொருளைப் புகழ்ந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதிலிருந்து வந்தது? அது விளைந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? அதைச் செய்வதற்கும் சுமப்பதற்கும் எவ்வளவு எரித்தார்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்கிறவரை நம்பலாம்.

சரி, தோட்டத்தில் இருக்கும் நாம் என்ன செய்ய முடியும்?

ஒன்று, உதிரிப் பழம். பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் மிகுதி. அது மரத்தடியிலேயே மக்கிப்போனால், அதே அளவு எண்ணெய்க்கு இன்னொரு மரம் வேண்டும், இன்னும் நிலம் வேண்டும். உதிரி பொறுக்கும் நம் தாய்மார்களின் குனிந்த முதுகு காட்டையும் காக்கிறது.

இரண்டு, பொரித்து மிஞ்சிய எண்ணெய். அதைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அதிலிருந்து எரிபொருள் செய்கிறார்கள், விமானமே ஓட்டுகிறார்கள். 2022 ஜூன் மாதத்தில் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த பயணிகள் விமானம் ஒன்றில், பயன்படுத்திய சமையல் எண்ணெய் முதலிய கழிவுகளிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்திருந்தார்கள். இதை வகுப்பில் சொல்லி, பள்ளியில் ஒரு தகரத்தை வைத்து, வீட்டில் மிஞ்சும் எண்ணெயைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாதமாகியும் தகரத்தில் கால் பங்குகூட நிரம்பவில்லை. ஒரு பாட்டியிடம் காரணம் கேட்டேன். "எண்ணெ மிஞ்சினாத்தானேய்யா கொண்டாந்து குடுக்கிறது!" என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீணாக்கத் தெரியாதவர்களிடம் போய் வீணாக்காதீர்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: கறுத்துப்போகும்வரை அதே எண்ணெயில் பொரித்து உண்பது உடம்புக்குக் கெடுதல். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் அதைத் தகரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். விருந்து, திருவிழா என்று பெரிய சட்டி வைக்கும் நாட்களிலாவது மிஞ்சுவதைச் சேர்த்து வையுங்கள்.

மூன்று, நம் இளைஞர்களுக்கு. தம்பிமார்களே, பந்தயம் பார்ப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. நானும் பார்க்கிறேன். ஆனால் சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தோட்டச் சாலையில் இரவு முழுதும் உறுமுவது பந்தயம் ஆகாது. பந்தயத் திடலில் மருத்துவர் இருக்கிறார். தடுப்புச் சுவர் இருக்கிறது. எதிரே லாரி வருவதில்லை. நம் சாலையில் இவை எதுவும் இல்லை. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஒருவனை இப்படித்தான் இழந்தோம். அவன் வீட்டு வாசலை இன்றும் என்னால் நிமிர்ந்து பார்த்துக் கடக்க முடியவில்லை. வேகத்தில் ஆசை இருந்தால் எஞ்சினைப் படியுங்கள். பந்தய அணியில் ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர். எஞ்சினையும் எரிபொருளையும் ஆராய்கிறவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வேலை ஏன் கிடைக்கக் கூடாது?

நான்கு, மாற்றியெடுத்த எஞ்சின் எண்ணெய். அதை மண்ணில் கொட்டினால் கிணறும் ஓடையும் கெடும். டின்னில் ஊற்றி, மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில் அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதிலைச் சொல்லி முடிக்கிறேன். "தம்பி, பொரிக்கிற செம்பனை எண்ணெயைப் பந்தய மோட்டாரில் ஊற்ற மாட்டார்கள். அது பெட்ரோலில் ஓடும் எஞ்சின். நம் எண்ணெயோ டீசல் எஞ்சினுக்கு ஏற்றது. சோற்றுப் பொருளை எரிப்பதும் முறையில்லை. ஆனால் நாம் எறிகிற வெறுங்குலையிலிருந்து பந்தய எரிபொருள் செய்ய வழி இருக்கிறது. விலை கட்டும்படி அதைச் செய்ய இன்னும் யாராவது படிக்க வேண்டும்."

அவன் சற்று நேரம் யோசித்தான். "அப்பா லாரியில இப்பவே நம்ம எண்ணெதான் கொஞ்சம் ஓடுதுன்னு சொன்னீங்களே சார், அப்ப அப்பா லாரிதான் முந்திக்கிச்சு!" என்றான்.

இந்த முறை வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஏதாவது கேட்டால் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். கூட உட்கார்ந்து விடை தேடுங்கள்.